நிறுத்திய லைனில் ஒரு லோடு

மதியம் இரண்டு மணிக்கு, குடியிருப்புக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைனான நான்காம் பீடரை நிறுத்தினால் அதன் மீட்டர் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பதினொரு வருஷமாக அது அப்படித்தான் படுக்கிறது. பிரேக்கர் 'டப்' என்று திறக்கும், முள் ஒரு துள்ளு துள்ளிக் கீழே விழும், மறுபடி சப்ளை கொடுக்கும்வரை அசையாது. அன்றைக்கும் விழுந்தது. ஆபரேட்டர் லாக் புக்கில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, முள் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

அவன் எழுந்துபோய்க் கண்ணாடியை விரலால் சுண்டினான். முள் இறங்கியது. திரும்ப வந்து உட்காரலாம் என்று பார்த்தால், மெல்ல, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டதுபோல மறுபடி எழும்பியது. நின்றது. இறங்கியது. எழும்பியது.

துணைமின் நிலையத்தின் அந்த அறையில் மதிய நேரத்தில் யாருக்கும் மூளை ஒழுங்காக வேலை செய்யாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளியே டிரான்ஸ்பார்மரில் காயும் எண்ணெயின் வாடை, ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட துண்டு அரை மணியில் அப்பளமாகக் காய்ந்து அடிக்கும் சோப்பு வாடை, மேஜைக் காற்றாடி தள்ளுகிற வெந்நீர் மாதிரியான காற்று, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏரிக்கரை ஷெட்டிலிருந்து இரவு பகல் ஓயாமல் வந்துகொண்டிருந்த இரைச்சல். அந்த இரைச்சலை ஊரில் இப்போது யாரும் காதால் கேட்பதில்லை. பல்லில்தான் தெரியும்.

"அண்ணே, அது பழைய மீட்டர். அதுக்கும் வெயில் தாங்கல," என்றார் வாசற்படியில் உட்கார்ந்திருந்த லைன்மேன். ஆபரேட்டரைவிட அவருக்குப் பத்து வயது கூட. இருந்தாலும் இவனுக்கு வேலை நிரந்தரமான நாளிலிருந்து 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். கிண்டலா மரியாதையா என்று ஆபரேட்டருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவன் வெளியே போய்ப் பார்த்தான். பிரேக்கர் திறந்திருந்தது. அதற்கு மேலே லைனைத் துண்டிக்கும் கத்திகளும் திறந்து, நடுவில் ஒரு முழம் இடைவெளியில் வெயில் நின்றது. அதைத் தாண்டி எதுவும் ஓட வழியில்லை. அவன் உள்ளே வந்தான். முள் எழும்பிக்கொண்டிருந்தது.

கையில் கடிகாரம் இருப்பவன் எண்ணாமல் இருக்கமாட்டான். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணினான். இருபத்தாறு. இன்னொரு தடவை எண்ணினான். இருபத்தாறு. அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டு மீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

நிமிடத்துக்கு இருபத்தாறு என்பது அவனுக்குத் தெரிந்த கணக்கு. அக்காவின் புருஷனுக்கு, அவன் அத்தானுக்கு, நல்ல நாளில் ஓடிய மூச்சு அது. கல் உடைக்கும் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் நின்று தூசியை விழுங்கிய நெஞ்சு. டாக்டர் அக்காவையும் அவனையும் பக்கத்தில் நிறுத்தி, "மார்பு எழும்பறத எண்ணுங்க. முப்பதத் தாண்டுச்சுன்னா யோசிக்காதீங்க, தூக்கிட்டு வாங்க," என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அத்தான் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

நாலு மணிக்கு அவன் நான்காம் பீடருக்கு சப்ளை கொடுத்தான். ஆயிரம் வீட்டு மின்விசிறிகள் ஒரே நேரத்தில் சுழல, முள் பாதி மீட்டருக்குத் தாவியது. மயிரிழை அதற்குள் மூழ்கிப் போய்விட்டது.

நாலே காலுக்குப் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, ரெண்டு மணிக்குத்தானே நிறுத்தின?"

"ஆமாக்கா. ஏன்?"

"தெருவுல எல்லார் வீட்லயும் போச்சு. நம்ம வீட்லயும் போச்சு. ஆனா மெஷின் ஓடுச்சுடா."

"எந்த மெஷின்?"

"அவரு மெஷின்தான். வேற என்ன மெஷின் இருக்கு நம்ம வீட்ல."

ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்திருந்தான். அக்காவின் குரலில் பயம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குரலில் வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம் இருந்தது.

ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரையில், பழைய நூல் மில் கிடந்த இடத்தில் அந்த ஷெட் வந்து இரண்டு வருஷம். உள்ளே அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள். அவை என்ன செய்கின்றன என்று கேட்டால் கணக்குப் போடுகின்றன என்பார்கள். யாருக்கும் வேண்டாத கணக்கு. உலகம் முழுக்க இப்படி ஷெட் ஷெட்டாகப் போட்டி போட்டுக்கொண்டு போடும் கணக்கில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு ஒரு காசு. அந்தக் காசைக் கையில் வாங்க முடியாது, பையில் போட முடியாது. ஆனால் அதற்குக் கரண்ட் மட்டும் நிஜமாகவே வேண்டும். ஊர் மொத்தத்துக்கும் ஆகிற கரண்டைப்போல ஒன்றரை மடங்கு.

அந்த எந்திரங்கள் கக்குகிற சூட்டை வெளியே தள்ள ஒரு சுவர் முழுக்க ராட்சத விசிறிகள். அந்தப் பக்கத்து மரங்கள் ஒரே கோடையில் இலை பழுத்து நின்றன. ஏரியிலிருந்து ஒரு குழாய் தண்ணீரைக் குடித்தது, இன்னொரு குழாய் அதைச் சுடச்சுடத் திருப்பித் துப்பியது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கின. ஊர்க்காரர்கள் மனு கொண்டுபோனார்கள். சத்தத்தை அளக்கும் கருவி பழுதில் இருக்கிறது என்று பதில் வந்தது. நகரசபையில் ஷெட்டுக்கான தீர்மானம் டீ ஆறுவதற்குள் நிறைவேறியிருந்தது. தலைவரே அதில் பாதிக்குச் சொந்தக்காரர் என்று ஊரே பேசிக்கொண்டது. அவர் மட்டும் மேடைக்கு மேடை வளர்ச்சி என்றார். வளர்ச்சியில் இதுவரை ஆறு பேருக்குக் காவல் வேலை கிடைத்திருந்தது.

ஏழாவது ஆளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அதை ஊர் அறியாது.

கரண்ட் பற்றாக்குறை வந்தால் எந்த லைனை முதலில் நிறுத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. தொழிற்சாலைகள் முதலில். வீடுகள் பிறகு. ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் மோட்டார், மருந்து வைக்கும் குளிர்பதனக் கிடங்கு, இவற்றில் கை வைக்கவே கூடாது. மூன்றாம் பீடர் ஷெட்டுக்கு மட்டுமே இழுத்த லைன். பட்டியலில் முதலாவதாக நிற்க வேண்டியது. அதை நேரில் பார்த்து எழுதித் தரப்போன ஆள் ஆபரேட்டர். அப்போது அவன் ஒன்பது வருஷ ஒப்பந்தத் தொழிலாளி. ஷெட்டுக்குள் நுழைந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. சுட்ட தூசியும் உருகும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாடையில் கண் எரிந்தது. வேர்வையில் பேனா கையை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற தலைவர் தோளில் கை போட்டு, "இன்னும் எத்தனை நாள்தான்பா ஒப்பந்தத்துலயே இருப்ப?" என்று மட்டும் கேட்டார். அவன் படிவத்தில் எழுதினான்: குளிர்பதனக் கிடங்கு. மருந்துகள். நாற்பத்தெட்டு டிகிரி சூட்டில் நின்றுகொண்டு எழுதினான். அடுத்த மாதம் பணி நிரந்தர உத்தரவு வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு வாசலில் நின்றே கைதட்டியவர் அத்தான்தான். கைதட்டியதில் மூச்சு வாங்கி அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு வாரத்துக்கு முன்பு அந்த மதியம் கரண்டைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது அவன் நான்காம் பீடரை நிறுத்தினான். எப்போதும்போல அக்காவுக்குப் போன் செய்துவிட்டுத்தான் நிறுத்தினான். அக்கா குழாயை மெஷினிலிருந்து கழற்றி சிலிண்டரில் மாட்டினாள். சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வரும். இரண்டு மணி நேரம் தாண்டியதும் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, சிலிண்டர் முடியப்போகுது. எப்படா வரும்?"

"அஞ்சு நிமிஷம்க்கா. மேலிடத்துல கேட்டுட்டேன்."

கேட்கவில்லை. கேட்டால், மூன்றாம் பீடரை ஏன் நிறுத்தவில்லை என்பார்கள். படிவத்தை எடுப்பார்கள். யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். அன்றைக்கு மட்டும் நாலு தடவை அவன் 'அஞ்சு நிமிஷம்' சொன்னான். நாலு தடவையும் அவன் கை மூன்றாம் ஸ்விட்ச் வரை போய் வந்தது. அக்கா வண்டி கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும் என்று தம்பியே சொல்கிறானே. கட்டிலில் உட்கார்ந்து மார்பு எழும்புவதை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்துத் தெருவில் விளக்கு எரிந்தபோது எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"நீ என்னடா பண்ணுவ. மேலிடத்து உத்தரவு," என்று சவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை அவனால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. வெளியே துப்பவும் வழியில்லை.

அடுத்த நாளும் முள் எழும்பியது. அதற்கடுத்த நாளும். லைன்மேன் மீட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்தார். புதிய மீட்டரின் முள் இன்னும் தெளிவாகவே எழும்பியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பீடியைப் பற்றவைக்க வெளியே போனார். அதன்பிறகு பீடரை நிறுத்தும் நேரத்தில் அவர் உள்ளே வரவே இல்லை.

மூன்றாவது நாள் ஆபரேட்டருக்குப் பகல் ஷிப்டு. ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை நான்காம் பீடரை அடுத்த ஷிப்டு ஆள் நிறுத்துவான். அந்த நேரம் பார்த்து அவன் அக்கா வீட்டுக்குப் போனான்.

தெரு இருட்டில் கிடந்தது. எல்லோரும் நாற்காலியை வாசலில் போட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெண்மணி அவன் சைக்கிளை அடையாளம் கண்டு, "என்ன தம்பி, நிறுத்தறதும் நீங்க, வேர்க்க விறுவிறுக்க வர்றதும் நீங்களா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இவர்களுக்குத் தெரிந்தால் இதே நாற்காலிகளைத் தூக்கி என் மேல் வீசுவார்கள் என்று நினைத்துக்கொண்டே சிரித்தான்.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளியதும் முதலில் வந்தது சத்தம். மெஷினின் அடித்தொண்டை முனகல், சில நொடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, அதன் பக்கத்துத் தண்ணீர்ப் புட்டியில் குமிழிகள் முட்டி உடையும் கொளகொள. இத்தனை வருஷமாக அந்த வீட்டின் சத்தமே இதுதான். அத்தான் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு மூக்கில் குழாயோடு சண்டைக்கு வரும்போதும் பின்னால் இதுதான் ஓடும். விளக்கு இல்லை. ஓர் ஓரத்தில் மெஷினின் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கட்டில் விளிம்பில் அக்காவின் முழங்கால் தெரிந்தது.

"வாடா. மெதுவா பேசு."

அவன் போனின் வெளிச்சத்தைத் தரையில் அடித்தான். மெஷினின் ஒயர் அழகாகச் சுருட்டி நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பிளக் மூன்று பித்தளைக் கால்களையும் மேலே நீட்டிக்கொண்டு தரையில் கிடந்தது.

"அக்கா. இது சொருகவே இல்ல."

"தெரியும்."

"அப்புறம் எப்படி..."

"எனக்கென்னடா தெரியும். கரண்ட்டுக்காரன் நீதான்." அவள் கட்டில் பக்கம் திரும்பி, "உங்க மச்சான் வந்திருக்கான்," என்றாள்.

குமிழி நின்றது.

முனகல் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. குமிழி மட்டும் நின்றது. பேச்சுக் குரல் கேட்டு ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பதைப்போல அறை முழுக்க ஒரு நிறுத்தம். ஆபரேட்டரின் முதுகில் வேர்வை வழிந்து இடுப்பில் போய் நின்றது. பிறகு கொளகொள மறுபடி ஆரம்பித்தது.

"உன் பேச்சு வந்தா இப்படித்தான். நின்னுடுது," என்றாள் அக்கா. "நீ ஏதோ சொல்லப்போறேன்னு பாக்கறாரு போல."

அப்போதுதான் அவனுக்கு அந்த வாடை பிடிபட்டது. அத்தானின் மருந்து வாடை இல்லை. ரப்பர் வாடையும் இல்லை. சுட்ட தூசி. உருகும் பிளாஸ்டிக். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஓர் இடத்தில் அவன் மூக்கு அறிந்த வாடை. அது குழாயின் நுனியிலிருந்து வந்தது. குழாயின் நுனி தலையணை மேல் இல்லை. அக்காவின் மூக்கில் இருந்தது.

"அக்கா, அதக் கழட்டு."

"வெக்கையாத்தான் வருது. ஆனா வருதுடா. அவருக்கு அன்னிக்கு வராதது." வெளிச்சத்தில் அவள் உதடுகள் கருநீலமாக இருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. ஏழு வாரத்தில் துக்கம் ஆளைத் தின்னும்தான். மூன்றே நாளில் இவ்வளவு தின்னாது. அவள் மார்பு எழும்பி இறங்குவதை அவன் கண்கள் தானாகவே எண்ண ஆரம்பித்தன. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டு மணி நேரம் பத்தலடா," என்றாள். "நிறுத்தறத கொஞ்சம் நீட்டேன். நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

சொல்லிவிடலாம். அவன் வாயைத் திறந்தான். ஷெட்டை நிறுத்தியிருக்கலாம் அக்கா, அன்றைக்கு என் கையில்தான் இருந்தது, அஞ்சு நிமிஷம் என்று நான் சொன்னது பொய். மூன்றே வாக்கியம். குமிழி நின்றது. மெஷின் காத்திருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

குமிழி தொடர்ந்தது.

ஒன்பது மணிக்குத் தெருவே 'ஹோ' என்றது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, மெஷின் சட்டென்று செத்தது. அதே நொடியில் அக்கா இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, கரையில் போட்ட மீனாகத் திணறினாள். அவன் தண்ணீர் கொண்டு ஓடினான். முதுகைத் தடவினான். நாலு நிமிஷம். நாலு நிமிஷம் அவளுக்கு மூச்சு திரும்பவில்லை. திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரண்ட் வந்தா இப்படித்தான். நேத்து ஒரு மணி நேரந்தான் போச்சு, ரெண்டு நிமிஷம். பழகிடும்," என்றாள்.

அவன் மெஷினைத் தூக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "தொடாத," என்றாள். அந்தக் கை கொதித்தது. அவனைத் தூக்கி வளர்த்த கை. அவனால் அதை உதற முடியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டான். எவ்வளவு நேரம் அந்தக் காற்றைக் குடிக்கிறாளோ, அதற்குத் தகுந்த அளவு அப்புறம் திணறுகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு நாலு நிமிஷம். அன்றைக்கு மாதிரி ஐந்து மணி நேரம் நிறுத்த வேண்டி வந்தால் அக்கா எழுந்திருக்கமாட்டாள். மெஷினை அவளிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அந்த லைனை நிறுத்தாமல் இருக்க முடியும். அதற்கு வேறொன்றை நிறுத்த வேண்டும். ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. தூங்கவிடாமல் செய்தது பயம் என்று சொல்லலாம். வெட்கம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

மறுநாள் வெயில் அதுவரை பார்க்காத வெயில். பன்னிரண்டே முக்காலுக்கு மேலிடத்துப் போன் அடித்தது.

"எட்டு மெகாவாட் குறைக்கணும். உடனே."

"எவ்வளவு நேரத்துக்கு சார்?"

"தெரியாது. சாயங்காலம் வரைக்கும் போகலாம்."

வைத்த கையோடு அடுத்த போன். ஷெட் மேனேஜர். பற்றாக்குறை செய்தி எப்படியோ ஆபரேட்டருக்கு வருவதற்கு முன்பே அவருக்குப் போய்விடும். "நம்ம லைன் இருக்கும்ல?" என்றார், பழகிய குரலில். ஆபரேட்டர் போனை வைத்தான்.

நான்காம் ஸ்விட்ச். மூன்றாம் ஸ்விட்ச். நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வேலை போகும். தலைவர் சும்மா விடமாட்டார். படிவம் வெளியே வரும். வரட்டும். அவன் மூன்றாம் ஸ்விட்சைப் பிடித்தான். பிடி வியர்வையில் வழுக்கியது. திருப்பினான்.

டப்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த இரைச்சல் இறங்க ஆரம்பித்தது. சுவர் நிறைய விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்று குறைந்து, தொண்டை கம்மி, முனகி, இன்னும் தாழ்ந்து, கடைசியில் ஒரே ஒரு விசிறியின் கிரீச் மட்டும் மிஞ்சி, அதுவும் நின்றது.

அமைதி. இரண்டு வருஷம் கழித்து அமைதி. எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது கேட்டது. ஒரு குழந்தை அழுதது கேட்டது. முற்றத்தில் லைன்மேன் பாதியில் எழுந்து நின்று, வாயைத் திறந்தபடி ஷெட் இருக்கும் திசையைப் பார்த்தார். ஆபரேட்டரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவுதானா, என்று இருந்தது. அன்றைக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

அவன் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னிக்கு நம்ம லைன் போகாது. நிறுத்த மாட்டேன்."

"ஏன்டா? பத்தாக்குறைன்னு ரேடியோவுல சொன்னாங்களே."

"ஷெட்ட நிறுத்திட்டேன்."

அவள் பின்னால் மின்விசிறியின் லொடலொட கேட்டது. கரண்ட் இருக்கிறது. நிம்மதியாக இருந்தது.

"ஷெட்ட நிறுத்தலாமா?" என்றாள் அக்கா. "நீயே நிறுத்தலாமா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நிறுத்தலாம்க்கா."

"அன்னிக்கும்?"

மேஜை விளிம்பை இறுகப் பிடித்தான்.

"அன்னிக்கும். யாரையும் கேக்கல அக்கா. அஞ்சு நிமிஷம்னு சொன்னது... நானாத்தான் சொன்னேன்."

சொல்லியாயிற்று. நெஞ்சுக்குள் ஏழு வாரமாகக் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அவள் திட்டுவாள். அழுவாள். போனைத் தரையில் அடிப்பாள். எதற்கும் தயாராக அவன் காத்திருந்தான். அக்கா போனிலிருந்து வாயை எடுத்து, அறைக்குள் யாரிடமோ, சாதாரணமாக, சாப்பிட வரச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னங்க. கேட்டீங்களா? சொல்லிட்டான்."

மூச்சு இழுக்கும் சத்தம்.

அக்காவுடையது இல்லை. ஈரமில்லாத, கல்தூசி உராயும் மூச்சு. நீளமாக உள்ளே போயிற்று. போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. விடவில்லை. அவன் எண்ணினான். பத்து. இருபது. முப்பது. எந்த நெஞ்சிலும் அவ்வளவு இடம் கிடையாது.

"அக்கா."

ஐம்பது. அறுபது.

"அக்கா, அங்கயிருந்து வெளியே வந்துடு. அக்கா."

மின்விசிறியின் லொடலொட நின்றிருந்தது. மூச்சு மட்டும். உள்ளே. உள்ளே.

மேஜையில் லாக் புக்கின் தாள் ஒன்று எழும்பியது. போனை நோக்கி. அடுத்த தாள். அதற்கடுத்தது. ஜன்னலில் காய்ந்த துண்டு கொக்கியை விட்டு வெளியே பறந்தது. அவன் மூச்சு விட்டான். விட்டது திரும்ப வரவில்லை. வாயைத் திறந்தான். காற்று அவன் முகத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. உள்ளே வரவில்லை.

போனை வைக்கக் கை வரவில்லை.

வெளியே லைன்மேன் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்திருந்தார். அவருக்கு அப்பால், காற்றே வீசாத அந்த மதியத்தில், சாலைத் தூசியும் சருகும் காகிதமும் அக்கா வீட்டுக் குடியிருப்பு இருக்கும் திசை பார்த்து, ஒரே சீராக, தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தன. மரங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன.

மூச்சு இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.